சித்தப்பா அனுப்பிய பட்டியலும் எங்கள் கவுண்டியும்

போன வாரம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் பணக்கார கவுண்டிகள் பட்டியல். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. முதலிடத்தில் வர்ஜீனியாவின் லவுடன். கீழே ஒரு வரி: "உங்க ஊருதானே? சொல்லவே இல்ல!" மறுநாள் போனிலும் பிடித்துக்கொண்டார். "ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றரைக் கோடியாம்லம்மா. நானே பெருக்கிப் பாத்துட்டேன்."

பெருக்கல் சரிதான். 2019 முதல் 2023 வரையான ஐந்தாண்டு மதிப்பீட்டில் லவுடன் குடும்பங்களின் நடு வருமானம் 1,78,707 டாலர். நாடு முழுவதற்கும் அதே கணக்கு 78,538. இரண்டு மடங்குக்கும் மேல். பத்து வருடமாக இங்கே லவுடனின் ஆஷ்பர்னில் குடியிருக்கிறேன், இந்த எண்ணை வருடா வருடம் யாராவது ஒருவர் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுத் தரகர்களின் விளம்பரத்தில் வரும். தமிழ்ச் சங்கத்து சாப்பாட்டு வரிசையில் பேச்சு வரும். பெருமையாகச் சொல்வார்கள், ஏதோ நாமெல்லாம் சேர்ந்து உழுது விளைவித்த மாதிரி.

எனக்கு அந்த எண் மேல் சண்டை இல்லை. அது எதைச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறோமோ, அதில்தான் சண்டை. எண்ணைத் தனியாகப் பார்க்காமல் அது உட்கார்ந்திருக்கும் அட்டவணையை முழுதாகப் பாருங்கள். சென்சஸ்காரர்கள் ஒவ்வொரு கவுண்டிக்கும் 'பொருளாதாரக் கூறுகள்' என்று ஒன்று வெளியிடுகிறார்கள். டிபி03 என்று அதற்குப் பெயர். வேலையில் இருப்பவர், இல்லாதவர், எப்படி வேலைக்குப் போகிறார்கள், என்ன தொழில், வருமானம், மருத்துவக் காப்பீடு, வறுமை, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தலை எண்ணிக்கை அல்ல இது. ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, அதிலிருந்து போடும் மதிப்பீடு.

2022ல் அந்தக் கேள்வித்தாள் எங்கள் வீட்டுக்கே வந்தது. விளம்பரக் காகிதம் என்று குப்பையில் போட இருந்தேன். உறைமேல் பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம் என்று போட்டிருந்ததால் பயந்து திறந்தேன். அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினேன். அதுவரை வெறும் எண்ணாக இருந்த சங்கதி அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.

முதல் குழப்பம் அம்மா. மகள் கைக்குழந்தை, நான் வேலைக்குப் போகவேண்டும் என்று அம்மா கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வீட்டில் தங்கினால் அந்த வீட்டு ஆள் என்பது இந்தக் கணக்கெடுப்பின் விதி. ஆக அம்மாவும் லவுடன்வாசி. வேலை பார்க்கிறாரா? இல்லை. தேடுகிறாரா? இல்லை. அப்படியானால் 'உழைப்புப் படையில் இல்லாதவர்'. காலை ஐந்தரைக்கு எழுந்து பாலைக் காய்ச்சி, பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பார் வைத்து, பெரியவன் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும்போது வாசலில் நிற்கும் அம்மா உழைப்புப் படையில் இல்லை! அந்த ஆறு மாதம் டேகேருக்கு அனுப்பியிருந்தால் மாதம் 1,900 டாலர் என்று 11,400 டாலர் போயிருக்கும். அட்டவணையில் அதற்கு வரி கிடையாது.

அந்தப் பெட்டியில் நானும் இருந்தவள்தான். 2015 கடைசியில் எச்-4 விசாவில் வந்தேன், வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்று தரும் விசா. ஊரில் ஐந்து வருடம் மென்பொருள் சோதனை வேலை பார்த்திருந்தேன். இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. எச்-4 மனைவிகளில் ஒரு பகுதிக்கு வேலை அனுமதி தரும் விதி 2015 மே மாதமே வந்துவிட்டது, ஆனால் கணவரின் பச்சை அட்டை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். எங்களுக்கு அது 2019ல்தான் தாண்டியது. அந்த நாலு வருடம் நான் 'வேலையில்லாதவர்' கூட இல்லை. வேலையில்லாதவர் என்று எண்ணப்பட கடந்த நாலு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். சட்டமே தடுத்தால் எங்கே தேடுவது? ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர், நான், எல்லோரும் ஒரே பெட்டி. எங்கள் குடியிருப்பில் மட்டும் என் மாதிரி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மதியம் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடப்போம். எம்.டெக் படித்தவள் ஒருத்தி, வங்கியில் இருந்தவள் ஒருத்தி. லவுடனில் வேலையின்மை குறைவு என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த வண்டி ஊர்வலம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, வருமானத்துக்கு வருவோம். அது குடும்பக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. சுமார் 1.4 லட்சம் வீடுகளை வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் வீட்டைக் கேட்டால் வரும் எண். லவுடனில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று பேர், பெரும்பாலும் இரண்டு சம்பளம். கணவன், மனைவி இருவரும் ஐ.டி. அல்லது ஒருவர் ஐ.டி., ஒருவர் மத்திய அரசு ஒப்பந்த வேலை. இன்னொரு பக்கம் இதே கவுண்டியின் ஸ்டெர்லிங்குக்குப் போனால் ஒரே டவுன்ஹவுஸில் மூன்று பேர் சம்பாதிக்கும் வீடுகள் உண்டு. ஒருவர் கட்டட வேலை, ஒருவர் உணவகச் சமையல்கட்டு, ஒருவர் வீடு துடைப்பவர். ஆளுக்கு 40,000 என்று வைத்தால்கூட அட்டவணையில் அது 1,20,000 டாலர் வீடு! நாட்டின் நடு வீட்டைவிட ஒன்றரை மடங்கு வசதியான குடும்பம் என்று பதிவாகும். வரி பிடிக்கும் முன் உள்ள தொகை அது. வீட்டுக் கடன், டேகேர், கார் தவணை எதுவும் அங்கே கழியாது.

வறுமைக் கணக்கு இதைவிட விசித்திரம். அரசின் வறுமை வழிகாட்டு அளவு 2024ல் நால்வர் குடும்பத்துக்கு 31,200 டாலர். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக நாடு முழுக்க ஒரே கோடு. இதன் மூலக் கணக்கு மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற பொருளியலாளர் 1960களின் தொடக்கத்தில் போட்டது. சிக்கனமான சாப்பாட்டுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அன்றைக்குக் குடும்பச் செலவில் மூன்றில் ஒன்று சாப்பாடு, அதனால் மூன்று. இன்றைக்கு இங்கே வாடகை மட்டுமே அந்த மூன்றையும் தின்றுவிடும். அதே அரசின் வீட்டு வசதித் துறை வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. அதன்படி வாஷிங்டன் வட்டாரத்தின் நடுக் குடும்ப வருமானம் 2024ல் 1,54,700 டாலர். அதில் பாதிக்குக் கீழே, அதாவது நால்வர் குடும்பத்துக்கு 77,350க்குக் கீழே இருந்தால் 'மிகக் குறைந்த வருமானம்'. ஆக, 70,000 டாலர் வாங்கும் குடும்பம் ஒரு துறைக்கு வறுமைக் கோட்டைப் போல இரண்டு மடங்கு மேலே, இன்னொரு துறைக்கு மிக ஏழை. இரண்டும் ஒரே அரசு.

லவுடனில் வறுமை விகிதம் மிகக் குறைவு, உண்மைதான். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. இங்கே வறுமையை யாரும் ஒழிக்கவில்லை. ஏழை இங்கே குடியிருக்க முடியாது, அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மலை. மகளின் டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஒருவர் தினமும் வின்செஸ்டர் பக்கமிருந்து வருவார். ப்ளூ ரிட்ஜ் மலையைத் தாண்டி ஏழாம் நம்பர் சாலையில், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணிக்கு மேல். பனி பெய்தால் கேட்கவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு அவர் கதவைத் திறந்தால்தான் நான் எட்டு மணிக் கூட்டத்துக்கு மடிக்கணினியைத் திறக்க முடியும். என் சம்பளம் லவுடன் கணக்கில். அதைச் சாத்தியமாக்கியவரின் சம்பளம் மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கில். மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் கவுண்டியிலிருந்தும் இப்படித்தான் ஒன்பதாம் நம்பர் சாலை வழியாகக் கார்கள் வரிசையாக இறங்கும். டிபி03 ஆட்களைப் படுக்கும் இடத்தில் எண்ணுகிறது, உழைக்கும் இடத்தில் இல்லை. உழைக்கும் இடத்தை வைத்து எடுத்த கணக்கும் சென்சஸிடம் இருக்கிறது. அதை யாரும் படமாக்கி அனுப்புவதில்லை.

இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை. 1980ல் இங்கே 57,427 பேர், மாடும் குதிரையும் சோளமும். 1962ல் திறந்த டல்லஸ் விமான நிலையம் (டெக்சாஸ் டாலஸ் இல்லை, ஊரிலிருந்து வருபவர்கள் டிக்கெட் போடும்போது தயவுசெய்து பார்க்கவும்) பக்கத்தில் இருந்தது. அப்புறம் 1990களில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் வந்தது, இணையக் கம்பிகள் வந்து சந்தித்தன. 2000ல் 1,69,599, 2020ல் 4,20,959. வந்தவர்களில் யார் பட்டதாரி, யார் சம்பளக்காரர் என்று விசாவும் வீட்டு விலையும் முன்கூட்டியே சலித்துவிட்டன. மேற்கே மூன்றில் இரண்டு பங்கு நிலத்தைக் கிராமமாகவே வைத்திருக்க வேண்டும் என்று மண்டல விதி. திராட்சைத் தோட்டமும் ஒயின் சுவைக்கும் கொட்டகையும் அழகாகத்தான் இருக்கின்றன, நாங்களும் இலையுதிர் காலத்தில் போய்ப் படம் எடுக்கிறோம். ஆனால் அங்கே நெருக்கமாக வீடு கட்ட முடியாது என்பதால் கிழக்கே விலை ஏறுகிறது.

இன்னொன்று, கவுண்டியின் பெரிய பணக்காரர் இந்த மக்கள் அட்டவணையில் இல்லவே இல்லை. தரவு மையங்கள். ஏறத்தாழ இருநூறு, ஜன்னல் இல்லாத சாம்பல் பெட்டிகள். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு ஆண்டுதோறும் வரி உண்டு. கவுண்டி அதில் கொழிக்கிறது. வீட்டு வரி 2010ல் நூறு டாலர் மதிப்புக்கு 1.30 டாலராக இருந்தது, 2024ல் 0.865. வீட்டு மதிப்பு ஏறியதால் கட்டும் தொகை அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது வேறு. கட்டடத்துக்குச் சில டஜன் பேருக்குத்தான் நிரந்தர வேலை. மின்சாரம் மட்டும் போதவில்லை. மேற்கு வர்ஜீனியாவைக் கடந்து இங்கே புதிய மின்தடம் இழுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆளும் அங்கிருந்து, மின்சாரமும் அந்த வழியாக, வருமானப் பட்டியலில் பெயர் மட்டும் எங்களுடையது.

அந்த மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் மக்டவல் கவுண்டி இருக்கிறது. அதே அட்டவணை, அதே வரிகள். நடு வருமானம் 30,000 டாலருக்குக் கீழே. மூன்றில் ஒருவர் அளவுக்கு வறுமை. 1950ல் நிலக்கரி ஓகோ என்று இருந்தபோது அங்கே 98,887 பேர். 2020ல் 19,111. சுரங்கத்துக்கு இயந்திரம் வந்தது, ஆட்கள் போனார்கள். கென்னடி காலத்தில் 1961ல் சோதனையாகத் தொடங்கிய உணவுச் சீட்டின் முதல் பயனாளிகள் அந்தக் கவுண்டிக்காரர்கள்தான். 2016ல் அங்கிருந்த வால்மார்ட்டும் மூடிவிட்டது. அந்தப் பட்டியலை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. 1950ல் யாராவது நிலக்கரிச் செழிப்பைப் பட்டியல் போட்டிருந்தால் மக்டவல்காரர்களும் எங்களைப் போலத்தான் மார்தட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2025ல் மத்திய அரசு வேலைகள் வெட்டப்பட்டபோது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் வேலை போனது. ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் போடும் மதிப்பீட்டில் அது மெதுவாகத்தான் தெரியும்.

கவுண்டியை நிர்வகிக்கும் லவுடன் போர்டும் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2021ல் வீட்டுத் தேவைக்கென்று ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. குறைந்த விலை வீடுகளுக்கான விதி 1990களிலிருந்தே உண்டு. ஆனால் பொதுக்கூட்டத்தில் அடுக்குமாடி என்ற பேச்சு எடுத்தால் போதும், எழுந்து நின்று எதிர்ப்பவர்களில் நம்மாட்களும் இருக்கிறார்கள். "ஸ்கூல் கூட்டமாயிடும், வீட்டு மதிப்பு இறங்கிடும்." பத்து வருடம் முன் இரண்டு பெட்டியோடு அடுக்குமாடியில் இறங்கியவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். கோபம் வருவது இங்கேதான்.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே, "அது இருக்கட்டும்மா, நீங்க அந்த நடு வீட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

டேகேரில் இருந்த அந்த அம்மாள் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். வின்செஸ்டர் பக்கமே ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம், மணிக்கு இரண்டு டாலர் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கடைசி நாளன்று மகளைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, இனிமேல் விடிந்த பிறகு எழுந்திருக்கலாம் என்றார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மகளின் வகுப்பை வேறொரு வகுப்போடு சேர்த்துவிட்டார்கள். கதவு இப்போது ஏழரைக்குத்தான் திறக்கிறது.