ஈடு வைத்த சங்கிலியும் கேட்காமல் விட்ட காசும்

எங்கள் கம்பனியின் கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்னர் வலது கண்ணில் புரை எடுத்தார். தனியார் ஆஸ்பத்திரியில்தான். மனைவியின் சங்கிலியை ஈடு வைத்து, மச்சானிடம் கொஞ்சம் கைமாற்றாக வாங்கி, வேலைத்தலத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கிழமை லீவு போட்டுச் செய்துகொண்டார். எட்டு மாதம் கழித்து, சங்கிலியை மீட்க முடியாமல், யூனியனில் ஏதும் கடன் எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டு வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

அவருடைய சம்பளச் சிட்டையை வாங்கிப் பார்த்தேன். மாதாமாதம் யூனியன் சந்தா வெட்டுப்பட்டிருக்கிறது. யூனியனும் கம்பனியும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் நாங்கள் போராடி வாங்கிய மருத்துவக் காப்புறுதியில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு இடம் இருக்கிறது. ஆனால் பில்லை 90 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு அந்தக் காப்புறுதியில் கண்ணும் சேர்த்தி என்றே தெரியாது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில், சுற்றுநிருபம் சிங்களத்தில், அண்ணன் வாசிப்பது தமிழில். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கோபம் அவர் மேல் இல்லை, எங்கள் மேல்தான். கிளைக் குழுவில் இத்தனை வருடம் இருந்துகொண்டு, மேசையில் உட்கார்ந்து சண்டை பிடித்து வாங்கிய ஒன்றை, அது தேவைப்பட்ட மனிதரின் காதில் போடாமல் விட்டோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் யூனியன் உள்ள இடங்களில் வேலை செய்யும் தமிழ் ஆட்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவக் காப்புறுதியை "கம்பனி தருகிற உதவி" என்று நினைப்பதை விடுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் சம்பளத்தில் ஒரு தொகை கேட்போம், அவர்கள் குறைப்பார்கள், கடைசியில் "சம்பளத்தில் இவ்வளவுதான் முடியும், மருத்துவத்தில் கொஞ்சம் கூட்டித் தருகிறோம்" என்று முடியும். அப்படியென்றால் அந்தக் காப்புறுதி உங்கள் சம்பளத்தின் ஒரு துண்டு. சம்பளத்தில் பத்தாயிரம் குறைந்தால் மனிதவளப் பிரிவின் கதவை உடைத்துக்கொண்டு போகிற நாம், வருடாவருடம் கேட்காமல் விடுகிற மருந்துக் காசை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இது வெளியில் இருக்கும் ஆட்களுக்குத் தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது முகாமைத்துவம் ஒரு தாளோடு வரும். கடந்த வருடங்களில் எத்தனை பேர் மூக்குக்கண்ணாடிக்குக் காசு கேட்டார்கள், எத்தனை பேர் வெளிநோயாளர் பில் கொடுத்தார்கள் என்ற கணக்கு. போன முறை அந்தத் தாளை எங்கள் முன் வைத்து, "உங்கள் ஆட்களே பாவிக்காததை எதற்குக் கூட்டச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆட்களுக்குத் தேவை இல்லாமல் இல்லை, வீட்டுக்கு வீடு சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. தேவை இருந்ததைக் காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை, அவ்வளவுதான். நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு பில்லும் அடுத்த ஒப்பந்தத்துக்கு நாங்கள் காட்டப்போகிற சாட்சி. காப்புறுதி தரும் எல்லைத் தொகையைத் தாண்டிய பில்லையும் கொடுங்கள், காசு முழுதாக வராது என்று தெரிந்தாலும் கொடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனது, அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமானது, மருந்து விலை எங்கே போனது என்று பாமசியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னர் போட்ட எல்லைத் தொகையை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன வாங்க முடியும்? அது போதாது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், எல்லை முடிந்துபோன நூறு பில்களை மேசையில் வைத்தால் கேட்பார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன. உங்கள் காப்புறுதியில் யார் யாருடைய பெயர் இருக்கிறது என்று இந்தக் கிழமையே பாருங்கள். கல்யாணம் முடித்து மூன்று வருடமாகியும் மனைவியின் பெயரைச் சேர்க்காத தம்பிமார் எங்களிடமே நாலைந்து பேர் இருந்தார்கள். பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த கையோடு பதியுங்கள். பில் என்றால் மூலப் பிரதி வேண்டும், மருந்துச் சீட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் தங்கினால் என்ன வருத்தம் என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட் இல்லாமல் ஒன்றும் நகராது. கொடுப்பதற்கு முன்னர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் கடதாசி தொலைவது நடக்கிற விஷயம், எனக்கே ஒருமுறை அம்மாவின் பில்கள் அப்படிப் போய் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் தங்கினால் காசு செலவில்லைதானே, பிறகு எதைக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். நிறையக் காப்புறுதித் திட்டங்களில் அரச ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை கொடுப்பார்கள். எங்களுடையதில் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். டெங்கு வந்து ஐந்து நாள் படுத்த ஆளுக்கு அது பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது ஆகும்.

அப்புறம் ஈ.டி.எப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிதி இது, தொழில் தருபவர் உங்கள் சம்பளத்தில் 3 வீதத்தை தன் கையிலிருந்து போட வேண்டும், உங்களிடமிருந்து ஒரு சதமும் வெட்டக் கூடாது. வேலையை விட்டுப் போகும்போது எடுக்கிற காசு என்று மட்டும்தான் அநேகருக்குத் தெரியும். வேலையில் இருக்கும்போதே இருதய சத்திரசிகிச்சைக்கு, சிறுநீரக மாற்றுக்கு, கண் வில்லை பொருத்துவதற்கு அதில் உதவித்தொகை இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சித்தியடைந்தால் அதற்கும் இருக்கிறது. கிராண்ட்பாஸ் அண்ணன் கண்ணுக்குள் வைத்த வில்லைக்கு இந்த வழியும் திறந்துதான் கிடந்தது. நாரஹேன்பிட்டவில் கிருல வீதியில் தொழில் செயலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம், அல்லது உங்கள் கிளைச் செயலாளரைப் பிடித்து விண்ணப்பத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவரைத் தெரிவு செய்தீர்கள்.

வருத்தம் வந்த பிறகு ஓடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வருமுன் பார்ப்பதில் நாங்கள் இன்னும் மோசம். எங்கள் யூனியன் போன வருடம் இரத்தப் பரிசோதனை முகாம் வைத்தபோது பாதிக்கு மேல் வரவில்லை. ஏன் என்று ஆளாளுக்குப் போய்க் கேட்டேன். "சீனி இருக்கிறது என்று எழுதிவிட்டால் எச்.ஆர். ஆட்களுக்குத் தெரிந்துவிடும், பிறகு டிரைவர் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள்" என்றார் ஒருவர். அந்தப் பயத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன், நியாயமான பயம். அதற்குப் பிறகுதான் பரிசோதனை முடிவும் காப்புறுதிப் படிவமும் ஒட்டிய உறையில் போக வேண்டும், இடையில் ஒருவரும் திறக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கினோம். உங்கள் யூனியனும் இதைக் கேட்க வேண்டும். கம்பனி ஊடாகப் போகவே விருப்பமில்லை என்றால் அரச ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன, 35 வயதுக்கு மேல் என்றால் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்கு சுவநாரி கிளினிக் இருக்கிறது, அதுவும் இலவசம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கே செய்கிறார்கள். நான் 35 வயதில் போக வேண்டியவள், வெட்கத்தில் 39இல்தான் போனேன். அக்காமாரே, தங்கச்சிமாரே, பத்து நிமிட வேலை, போங்கள்.

லீவு எடுக்காமல் வேலை செய்வதைப் பெருமையாகச் சொல்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது, வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, சுகவீனம் போன்ற காரியங்களுக்கு 7 நாள். காய்ச்சலோடு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை. மனம் சரியில்லாவிட்டாலும் அது வருத்தம்தான். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துப் பேசலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

சிலர் கேட்கிறார்கள், யூனியன் என்றால் சம்பளத்துக்குச் சண்டை பிடிக்கத்தானே, மருந்து பில்லை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று. 1935இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்திலேயே, அங்கத்தவர்களின் நோய்க்கும் விபத்துக்கும் முதுமைக்கும் மரணத்துக்கும் சங்கப் பணத்தைச் செலவழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இது எங்கள் வேலையின் நடுப்பகுதி. சும்மா சந்தா வெட்டுகிறார்கள் என்று ஆட்கள் விலகிப் போனால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். ஒரு வேலைத்தலத்தில் 40 வீதத்துக்குக் குறையாத ஊழியர்கள் அங்கத்தவராக இருந்தால் அந்த யூனியனோடு பேச மறுப்பது சட்டப்படி குற்றம், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் அது. அந்தத் தொகைக்குக் கீழே போனால் மேசையே இல்லை, காப்புறுதி எங்கே?

கிராண்ட்பாஸ் அண்ணன் இந்த வருடம் இடது கண்ணையும் செய்தார். இந்த முறை திகதி எடுக்க முன்னரே யூனியன் அறைக்கு வந்தார், இருவரும் உட்கார்ந்து படிவத்தை வரி வரியாகத் தமிழில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலப் படிவத்தை நிரப்பினோம். காசு ஆறு கிழமையில் வந்தது. அந்தத் தமிழ்த் தாளைத்தான் இப்போது எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். உங்கள் வேலைத்தலத்தில் தமிழில் நல்ல படிவம் யாரிடமாவது இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், எங்களுடையதில் இன்னும் திருத்த வேண்டியது இருக்கிறது.