கிறிஸ்துமஸ் பரிசை டிசம்பரில் ஆரம்பிக்காதீர்கள்

"கிறிஸ்துமஸுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்கணும், என்ன செய்யலாம்?" வருடா வருடம் டிசம்பர் 10 தாண்டிய பிறகுதான் இந்தக் கேள்வி வரும். கேட்பவரின் ஆசையில் குறையே இல்லை. ஆனால் அந்தத் தேதியில் பாதிக் கதவு அடைபட்டுவிட்டது. கைவேலைப் பரிசுகளில் பலவற்றைக் கெடுப்பது நாள்கணக்குதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திறமை குறைவாக இருந்தால்கூட சமாளித்துவிடலாம். சோப்பு காய வேண்டிய ஆறு வாரத்தை யாராலும் மூன்று வாரமாக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கையால் செய்ததுதானே, கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தால் என்ன, அன்பு இருக்கிறதே" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வாங்குகிறவர் கையில் இருக்கப்போவது பொருள். அந்தச் சோப்பு தோலில் எரிந்தால், அந்த மெழுகுவர்த்தி அரைமணி நேரத்தில் அணைந்தால், அவர் வெளியே சொல்லவும் முடியாமல் அலமாரியில் ஒளித்து வைப்பார். அவரை அந்தச் சங்கடத்துக்கு ஆளாக்கக் கூடாது. ஆகவே 25-ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எதற்கு அதிக நாள் வேண்டுமோ அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சோப்பு. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கலந்து செய்யும் குளிர்முறைச் சோப்புக்குக் கடைசி நாள் நவம்பர் 13; அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை சரியாக ஆறு வாரம். எண்ணெய் சோப்பாக மாறும் வேலை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு. தண்ணீர் போகப்போகக் கட்டி இறுகும், குளியலறையில் கரையாமல் நிற்கும். நவம்பர் 27-இல் ஊற்றினாலும் நான்கு வாரம் கிடைக்கும், கொடுக்கலாம். ஆனால் ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு அந்த வயதில் இன்னும் கொழகொழவென்று இருக்கும்.

அளவு சொல்கிறேன். ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 140 கிராம். இதில் ஐந்து ஆறு சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும். தோல் வறண்டு போகாமல் காப்பது அதுதான். எண்ணெய் ஒன்றை மாற்றினாலும் சோடாவின் அளவு மாறிவிடும். தேங்காய் எண்ணெய் கிராமுக்கு ஏறத்தாழ 0.183 கிராம் சோடா கேட்கும், ஆலிவ் 0.134 தான் கேட்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால், ஒன்று சோப்புக் கட்டி தோலில் எரியும், இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்காகவே நிற்கும். இணையத்தில் சோப்புக் கணிப்பான்கள் இருக்கின்றன, உங்கள் அளவை அதில் போட்டுச் சரிபாருங்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். கப், கரண்டி அளவு இங்கே கூடாது.

சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். தண்ணீரை சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். தோலில் பட்டால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், வினிகர் தடவாதீர்கள். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆறியதும் கலந்து, ஸ்டிக் பிளெண்டரை (கையில் பிடித்துக் கடையும் மின்கருவி) விட்டு விட்டு ஓட்டுங்கள். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் கோடு சற்று நேரம் அழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கிறிஸ்துமஸ் வாசனை என்றதும் எல்லோரும் கிராம்பு எண்ணெயிலும் பட்டை எண்ணெயிலும் கை வைக்கிறார்கள். இரண்டுமே தோலை உறுத்தும். அதோடு கலவையை நொடியில் இறுக்கிவிடும், அச்சில் ஊற்றக்கூட அவகாசம் தராது. இந்த 500 கிராம் எண்ணெய்க்கு லாவெண்டர் 15 கிராம் போதும். வெனிலா வாசனை சேர்த்தால் வெள்ளைச் சோப்பு சில நாளில் பழுப்பாகும். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல, வெனிலினின் குணம் அப்படி. மேலே சாம்பல் பூத்ததுபோல் வந்தாலும் கவலை வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

நவம்பர் கைநழுவிப் போயிற்றா? உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டி வாங்கிச் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கே பயன்படுத்தலாம். ஆனால் அதில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்த்துக் கொட்டும். ஆறியவுடன் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிட வேண்டும். குளிர்முறைச் சோப்புக்கு நேர் எதிர்: அதை மூடவே கூடாது, இடுப்பில் ஒரு காகிதப் பட்டை மட்டும் சுற்றினால் போதும்.

அடுத்தது மெழுகுவர்த்தி. எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால்தான் அதிகம் சொதப்புகிறது. சோயா மெழுகில் வாசனை நன்றாகப் படிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். டிசம்பர் 10-க்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்றே ஒன்று செய்து, ஒரு வாரம் வைத்து எரித்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் வேலை நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. பத்து கண்ணாடிக் குவளையையும் ஒரே நாளில் ஊற்றிவிட்டு, திரி தவறு என்று கிறிஸ்துமஸ் இரவில் கண்டுபிடிப்பதில் என்ன பயன்?

குவளையில் மேலே ஒன்றரை செ.மீ. விட்டுத் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். 180 மி.லி. என்றால் மெழுகு சுமார் 160 கிராம் வேண்டும், மெழுகு தண்ணீரைவிட லேசானது. வாசனை எண்ணெய் 7 சதவீதம், அதாவது 11 கிராம். அதிகம் ஊற்றினால் அதிகம் மணக்கும் என்பது தப்புக் கணக்கு. மெழுகு தாங்காத எண்ணெய் மேலே கசியும், திரியை அடைக்கும். பாத்திரத்தை நேரடித் தீயில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 75 முதல் 80 டிகிரி வரை உருக்குங்கள். எண்ணெய் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 60 டிகிரி பக்கம் இறங்கியதும் ஊற்றுங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

திரி விஷயத்தில்தான் உயிர் இருக்கிறது. திரியின் பருமனைக் குவளையின் உள்விட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனை மெழுகுவர்த்தியை மூன்று மணி நேரம் எரியவிட்டு உட்கார்ந்து பாருங்கள். உருகிய குளம் கண்ணாடியின் விளிம்பை நெருங்கிவிட்டதா? நடுவில் மட்டும் கிணறுபோல் இறங்குகிறது என்றால் திரி மெல்லியது. சுடர் ஆடிக்கொண்டே உயர்ந்து, கண்ணாடியில் கரி படிந்து, திரியின் நுனியில் காளான்போல் முடிச்சு விழுந்தால் திரி தடிமன். ஒரு அளவு மேலோ கீழோ மாற்றி மறுபடி சோதியுங்கள். மேற்பரப்பில் வெள்ளைப் படிகம் பூப்பது சோயாவின் இயல்பு, விட்டுவிடுங்கள். குழி விழுந்தால் வேகமாகக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம், வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் காட்டிச் சமன் செய்யலாம்.

படத்துக்கு அழகாக இருக்கிறது என்று காய்ந்த பூ, பட்டைத் துண்டு, ஆரஞ்சு வட்டம் இவற்றை மெழுகின் மேல் பதிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சுடர் நகர்ந்து அதைத் தொட்டால் அதுவே இரண்டாவது திரியாகப் பற்றிக்கொள்ளும். ஆரஞ்சு வட்டம் வேண்டுமென்றால் வெளியே நாடாவில் கட்டுங்கள், கொளுத்துமுன் கழற்றிவிடலாம். திரியை 5 மி.மீ. அளவுக்கு வெட்டுவது, முதல் தடவை விளிம்புவரை உருகும்வரை எரிய விடுவது, இந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டாயம் ஒட்டுங்கள்.

பின்னல் வேலைக்குக் காயவைக்கும் நாள் கிடையாது, ஆனால் மணிக்கணக்கு உண்டு. 20 செ.மீ. அகலம், 160 செ.மீ. நீளமுள்ள ஒரு கழுத்துத் துண்டு. மாதிரித் துண்டில் 10 செ.மீட்டருக்கு 18 கண்ணி, 36 வரிசை வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்துக்கு 36 கண்ணி, நீளத்துக்கு 576 வரிசை, மொத்தம் 20,736 கண்ணி. நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் பழகிய கைக்கே கிட்டத்தட்ட 14 மணி நேரம். புதிதாகக் கற்பவருக்கு இரண்டு மடங்கு. ஐந்து பேருக்கு என்று வாக்குக் கொடுக்குமுன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

டிசம்பர் நடுவில் விழித்தவர்களுக்கு என் முதல் சிபாரிசு கையால் தைத்த நோட்டுப்புத்தகம். ஒரே மாலையில் முடியும், எவரும் பயன்படுத்துவார்கள். பன்னிரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 48 பக்க ஏ5 நோட்டு. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் இருக்கிறது: தாளுக்கு நார்த்திசை, அதாவது உள்ளிருக்கும் நார்கள் ஓடும் திசை, உண்டு. தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு ஓடும் திசைதான் நார் ஓடும் திசை. நார் புத்தகத்தின் முதுகோடு, அதாவது மடிப்போடு ஒட்டி ஓடினால் திறந்த புத்தகம் தட்டையாகப் படுக்கும், எதிராக ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும். சாதாரண ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், அதை மடித்தால் திசை தவறிவிடும். நீளவாக்கு நார் உள்ள ஏ3 தாளை வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். கிடைக்கும் ஏ4 தாள்களில் நார் குறுக்கே ஓடும், மடித்ததும் முதுகோடு சேர்ந்துவிடும்.

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, வெளியே கெட்டியான அட்டைத்தாள் ஒன்றைப் போர்த்தி, மடிப்பின் உள்பக்கத்திலிருந்து மூன்று துளை குத்துங்கள். ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேல் கீழ் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி. நூல் 60 செ.மீ. வேண்டும், மெழுகு தேய்த்த லினன் நூல் சிறந்தது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போங்கள், மேல்துளையில் உள்ளே வாருங்கள், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போங்கள், மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இப்போது உள்ளே நீளமாக ஓடும் இழைக்கு இருபுறமும் நூலின் இரண்டு நுனியும் நிற்க வேண்டும். அந்த இழையையும் சேர்த்து இரட்டை முடிச்சு. நூலை இழுத்து இறுக்கும்போது முதுகோடு ஒட்டியே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழிந்து வாய் பிளக்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. உள்தாள்கள் ஓரத்தில் படிபோல் வெளியே நீட்டும். இரும்பு அளவுகோல் வைத்து, புதுப் பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டாமல் பத்துப் பன்னிரண்டு லேசான இழுப்பில் வெட்டி எடுங்கள். ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் இருக்கட்டும்.

தின்பண்டப் பரிசுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். பச்சைப் பூண்டும் இலைகளும் போட்டு ஊறவைத்த எண்ணெய்ப் புட்டி பார்க்க அழகு. ஆனால் காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாடையும் நிறமும் மாறாது, அதனால் கண்டுபிடிக்க முடியாது. அறை வெப்பத்தில் வைக்கும் பரிசாக அதைக் கொடுக்கவே கூடாது.

தேதி 22 ஆகிவிட்டதென்றால் காகிதம்தான் கைகொடுக்கும். ஃப்ரோபெல் நட்சத்திரம் செய்யுங்கள், மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரெடரிக் ஃப்ரோபெலின் பெயரில் வழங்குவது. நான்கு பட்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம். பசை கிடையாது, பின்னிப் பின்னிச் செருகினால் 16 முனையுள்ள 6 செ.மீ. நட்சத்திரம் கிடைக்கும். இரண்டு பக்கமும் நிறமுள்ள தாளாக இருக்கட்டும், கனம் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) அளவில். கத்தரிக்கோலால் வெட்டிய பட்டை அரை மி.மீ. கூடக்குறைய வந்தாலும் நடுச்சதுரம் பூட்டாது, முனைகள் சாய்ந்து நிற்கும். அளவுகோலும் பிளேடும் எடுத்து வெட்டுங்கள். பட்டையின் இரு நுனியையும் சற்றுக் கூராக்கிக்கொண்டால் கடைசிச் செருகலில் மடங்காமல் உள்ளே போகும். முதல் நட்சத்திரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், நான்காவது பத்து நிமிடத்தில் முடியும். ஆறு சேர்ந்ததும் உயரம் குறைந்த ஒரு பெட்டியில் அடுக்கிவிடுங்கள், உறையில் போட்டால் முனைகள் நசுங்கிவிடும்.