இடிபாட்டுக்கு மேலே ராஜதந்திரம்

2023-ஐ மொராக்கோவின் வெளியுறவுத் துறை வெற்றி ஆண்டாகவே கணக்கில் வைத்திருக்கும். யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சை நெடுங்காலமாகத் தொடரும் மேற்கு சஹாரா பகுதி மீதான மொராக்கோவின் உரிமையை ஜூலையில் இஸ்ரேல் அங்கீகரித்தது. அக்டோபரில், ஸ்பெயின், போர்ச்சுகலுடன் சேர்ந்து 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் வாய்ப்பு வந்தது. அடுத்த வாரமே உலக வங்கி, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) ஆண்டுக் கூட்டங்கள் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடின.

எனக்கோ அந்த ஆண்டு என்றாலே செப்டம்பர் 8 இரவுதான்.

6.8 அளவிலான நிலநடுக்கம் உயர் அட்லஸ் மலைக் கிராமங்களைப் புரட்டிப்போட்டது. 2,900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட் கட்டடம் சரிந்தால் இடுக்குகளில் கொஞ்சம் காற்றாவது மிஞ்சும். அங்கே பல வீடுகள் மண் செங்கல்லால் கட்டியவை. பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே இருப்பவர்களின் மூச்சையே அடைத்துவிடும். பாறைகள் உருண்டு சாலைகள் அடைபட்டதால் ஊர்க்காரர்கள் வெறுங்கையால் தோண்டினார்கள். உணவும் போர்வையும் கழுதை முதுகில் ஏறின.

அந்த நேரத்தில் அரசு அனுமதித்தது ஸ்பெயின், பிரிட்டன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளின் மீட்புக் குழுக்களை மட்டுமே. பிரான்ஸ் அழைப்புக்காகக் காத்திருந்தது. 2021-ல் மொராக்கோவுடன் உறவை முறித்துக்கொண்ட அல்ஜீரியாகூட மனிதாபிமான விமானங்களுக்குத் தன் வான்வெளியைத் திறந்துவிட்டு, உதவத் தயார் என்றது.

ஒருங்கிணைப்பு இல்லாத உதவி இடைஞ்சலாகிவிடும் என்றது அரசு. அதை நான் ஒதுக்கவில்லை. ஒற்றை மலைச்சாலையில் எல்லா நாட்டு வண்டிகளும் ஏறினால் ஆம்புலன்ஸ் இறங்க வழி இருக்காது. ஆனால், நட்பின் உண்மையை சஹாரா விவகாரத்தை வைத்தே அளப்போம் என்று மன்னர் ஆறாம் முகமது 2022-லேயே வெளிப்படையாகப் பேசியிருந்தார். சஹாரா விவகாரத்தில் அப்போது மொராக்கோவின் பக்கம் நிற்காத பிரிட்டனும் பட்டியலில் இருந்ததால், அந்த ஒன்றே அளவுகோல் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், மோப்ப நாய்களோடு புறப்படத் தயாராக இருந்த குழுக்களை உள்ளே விடாமல் வைத்திருந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. எல்லைத் தகராறும் தூதரக மனத்தாங்கலும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். மண்ணுக்குள் கிடந்தவர்களுக்கு ஒரு வாரம் இல்லை.

முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹாம் என்று பின்னர் அறிவித்தார்கள். ஆனாலும் ஏராளமான குடும்பங்கள் அடுத்து வந்த குளிர்காலத்தைக் கூடாரங்களில்தான் கழித்தன. உலகக் கோப்பை மைதானங்களுக்குக் கெடு வைக்கிற அரசு, இந்த வீடுகளுக்கும் அதே கண்டிப்போடு கெடு வைத்திருக்க வேண்டும்.