லேசா தட்டுங்க, எரியும்

இனிமே யாராவது என்கிட்ட வந்து "லேசா தட்டுங்க, எரியும்"னு சொன்னா சண்டைதான். வயசு, உறவு, மரியாதை எதையும் பார்க்க மாட்டேன்.

போன வாரம் ராத்திரி எட்டு மணி வாக்குல திருவொற்றியூர்ல எங்க தெருவுக்குக் கரண்ட் போச்சு. மொட்டைமாடியில காயப்போட்ட துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு கையில அப்பாவோட பழைய டார்ச்சும் ஒரு கையில படிக்கட்டுக் கம்பியுமா அம்மா இறங்கி வர்றாங்க. பாதிப் படியில டார்ச் அணைஞ்சிடுச்சு. அணைஞ்சா நின்ன இடத்துல நிக்கணும், கம்பியை விடக் கூடாது, என்னைக் கூப்பிடணும். ஆனா ஊரே சேர்ந்து அவங்களுக்கு வேற ஒண்ணைப் பழக்கி வெச்சிருக்கு. கம்பியை விட்டாங்க. டார்ச்சை உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டினாங்க. கால் ஒரு படி தப்பிப் போச்சு. 71 வயசு. எலும்பு உடையல, எந்தச் சாமி புண்ணியமோ. கணுக்கால் வீங்கி நாலு நாள் செருப்பு போட முடியல.

நான் ஓடிப் போறேன், அம்மா படியில உட்கார்ந்து காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, கீழ உருண்டு கிடந்த டார்ச் பளீர்னு எரியுது. அதை அப்படியே தெருவுல வீசி எறிஞ்சிருப்பேன். அப்பாவோடதுங்கிறதால விட்டேன்.

முழுசா கெட்டுப்போன சாமான் மேல எனக்குக் கோபமே கிடையாது. எரியாத டார்ச்சை எடுத்துக்கிட்டு யாரும் மாடிக்குப் போக மாட்டாங்க, மெழுகுவத்தி தேடுவாங்க, இல்ல போன் லைட்டைப் போட்டுக்குவாங்க. எரிஞ்சு எரிஞ்சு அணையுற டார்ச்தான் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் நட்டாத்துல விடும்.

பித்தளை உடம்பு, ரெண்டு கட்டை, அதாவது ரெண்டு பேட்டரி போடுற டார்ச். அப்பா துறைமுகத்துல நைட் ஷிஃப்ட்டுக்குக் கொண்டு போனது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னைக்கு எங்க தெருவுல மரம் சாய்ஞ்சு கம்பி அறுந்து கிடந்தப்போ, அடுத்து வந்த ராத்திரி எல்லாம் எங்களுக்கு இருந்த ஒரே வெளிச்சம் இதுதான். ஒரு தடவைகூட கண் சிமிட்டல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போதான் முதல் தடவையா விட்டு விட்டு எரிய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் இதை எத்தனை கடையில காட்டியிருக்கேன்னு கேளுங்க.

முதல் கடைக்காரர் சுவிட்சைத் தள்ளினார், எரிஞ்சுது. "நல்லாத்தான மேடம் எரியுது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். அடுத்தவர் கையில எரியல. கண்ணாடி மேஜை மேல ரெண்டு தட்டு தட்டினார், எரிஞ்சுது. "லூஸ் கான்டாக்ட்தான் மேடம். லேசா தட்டுங்க, எரியும்."

அந்த "தான்" இருக்கே, அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. எந்த கான்டாக்ட்? ஒரு சாதாரண ரெண்டு கட்டை டார்ச்சுல எட்டு இடம் இருக்கு. பின் மூடியில ஸ்பிரிங் உட்காருற இடம். ஸ்பிரிங் கட்டையோட அடியைத் தொடுற இடம். கீழ்க் கட்டையோட மூக்கு மேல் கட்டையைத் தொடுறது. மேல் கட்டையோட மூக்கு பல்போட அடியில இருக்கிற ஈயப் பொட்டைத் தொடுறது. பல்போட பக்கவாட்டுத் தகரம் ரிஃப்ளெக்டர்ல பிடிக்கிறது. ரிஃப்ளெக்டர் விளிம்பை சுவிட்ச் பட்டை தொடுறது. அந்தப் பட்டை டார்ச் உடம்போட ரிவிட், அதாவது தலை தட்டின சின்ன ஆணி, அடிச்சுச் சேர்ந்திருக்கிறது. உடம்பும் பின் மூடியும் மரையில சேருறது. எட்டுல எது? கேட்டா பதில் இல்ல. "தட்டுங்க."

தட்டினா ஏன் எரியுது தெரியுமா? உலோகம் உலோகத்தைத் தொடுற இடத்துல களிம்பு பிடிச்சிருக்கும். களிம்பு கரண்டை விடாது. தட்டுற அதிர்ச்சியில ரெண்டு தகடும் ஒண்ணோடொண்ணு உரசி, ஊசிமுனை அளவு இடத்துல களிம்பு விலகும், அந்தப் புள்ளி வழியா கரண்ட் போகும். அம்புட்டுதான். அடுத்த ஆட்டத்துல அந்தப் புள்ளி நகர்ந்துடும். இன்னொண்ணு, சூடா இருக்கிற பல்பு இழை ஒவ்வொரு தட்டுக்கும் ஆடுது, ரிவிட் ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் கொஞ்சம் தளருது. வைத்தியம்னு சொல்லிக் கொடுக்குறதே நோயை வளர்க்குது!

சொந்தத்துல ஒருத்தர் வந்து, "களிம்புதானே, உப்புத்தாள் கொண்டா"ன்னு வாங்கி ஸ்பிரிங்கை வெள்ளை வெளேர்னு தேய்ச்சுக் கொடுத்துட்டுப் போனார். இரும்பு ஸ்பிரிங் மேல துரு பிடிக்காம இருக்கத்தான் பூச்சு போட்டிருக்கான். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தாச்சு. திருவொற்றியூர் கடல்காத்துக்கு ஜன்னல் கம்பியே பெயிண்ட் உரிஞ்சா நிக்காது, வெறும் ஸ்பிரிங் நிக்குமா? ரெண்டே வாரத்துல செங்கல் நிறத்துக்கு வந்துடுச்சு. பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சிருந்தாலே போதும். நல்ல எண்ணத்துலதான் செஞ்சார், தெரியும். ஆனா கேட்டுட்டுச் செய்யணும் இல்ல?

கட்டை மாத்தச் சொன்னவங்களுக்கும் ஒரு வார்த்தை. மாத்தினேன், மூணு தடவை. பழைய கட்டையை உள்ளேயே விட்டு வெச்சதால ஒரு தடவை ஒழுகி வேற போச்சு. சாதாரண கட்டையில வெளிக்கூடே துத்தநாகம், கரண்ட் கொடுக்கக் கொடுக்க அதுதான் கரையும். ஓட்டை விழுந்தா உள்ள இருக்கிற நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ வெளிய வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க களிம்பைத் தின்ன வைக்க நவச்சாரம் போடுவாங்களே, அது டார்ச்சுக்குள்ள கேட்பாரில்லாம கிடந்தா பித்தளையையே திங்கும். அதனால, டார்ச்சை மாசக்கணக்கா அலமாரியில வைக்கிறவங்க கட்டையைக் கழட்டித் தனியா வைங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

அம்மா விழுந்த மறுநாள் நானே உட்கார்ந்துட்டேன். வோல்ட், தடை எல்லாம் அளக்குற மல்டிமீட்டர் வீட்டுல இருக்கு. அதுவும் என்னை முதல்ல ஏமாத்திச்சு. இணைப்பு இருந்தா பீப் அடிக்கிற கன்டினியூட்டியில வெச்சு எட்டு இடத்தையும் தொட்டேன். எட்டுலயும் பீப். எல்லாம் சரியா இருக்காம்! அப்புறம்தான் உறைச்சுது. பல மீட்டர்ல 30, 40 ஓம் தடை இருந்தாக்கூட பீப் அடிக்கும். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு எரியுறப்போ அதோட தடையே 8 ஓம் சொச்சம்தான். நடுவுல ஒரு 4 ஓம் களிம்பு உட்கார்ந்தாலே பல்புக்குப் போற வோல்ட்ல மூணுல ஒரு பங்கு போயிடும். வோல்ட் அவ்வளவு குறைஞ்சா வெளிச்சம் கால்வாசிக்கு இறங்கிடும். அந்த 4 ஓமுக்கும் மீட்டர் சந்தோஷமா பீப் அடிக்கும். கட்டையைத் தனியா எடுத்து 1.5 வோல்ட் காட்டுதுன்னு திருப்திப்படுறதும் இதே கதைதான். மீட்டர் கரண்டே இழுக்காது, சுமை ஏத்தாம வண்டி ஓடுமான்னு பார்க்கிற மாதிரி.

எரியுறப்போ பார்க்கணும். அதான் வழி. முதல்ல கட்டை ரெண்டையும் தரையில வரிசையா வெச்சு, பல்பையும் ஒரு ஒயரையும் பிடிச்சுப் பார்த்தேன். அசையாம எரிஞ்சுது. அப்போ கட்டை மேலயும் பல்பு மேலயும் குத்தமில்ல. திரும்ப உள்ள போட்டு, பின் மூடியைக் கழட்டிட்டு, கட்டையோட அடியிலேருந்து டார்ச் உடம்புக்கு ஒயர் கொடுத்தேன். ஆட்டினா இன்னும் சிமிட்டுது. அப்போ அந்தத் துருப்பிடிச்ச ஸ்பிரிங்கூட குற்றவாளி இல்ல! மிச்சம் சுவிட்ச். முன்பக்கத்தைக் கழட்டி, பல்பைக் கட்டையோட மூக்குல நிறுத்தி, பல்பு பக்கவாட்டுலேருந்து சுவிட்ச் பட்டைக்கு ஒரு ஒயர். மீட்டரை டி.சி. வோல்ட்ல வெச்சு, ஒரு முனை பட்டையில, ஒரு முனை உடம்புல. நல்ல இணைப்பா இருந்தா முள் நுனி அளவுதான் காட்டணும், 0.02, 0.03 அப்படி. எனக்கு 0.7 காட்டிச்சு. லேசா ஆட்டினேன். பல்பு அணைஞ்சுது, மீட்டர்ல அப்படியே 3 வோல்ட் வந்து நின்னுது. கட்டையோட மொத்த பலமும் அந்த ஒரு ரிவிட்டுல முட்டிக்கிட்டு நிக்குது.

பச்சைக் களிம்பு ஏறி, தளர்ந்து போன, மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு பித்தளை ரிவிட். ரெண்டு வருஷத்துக்கு மேல என்னை அலைய விட்டது, அம்மாவைப் படியில தள்ளினது அதுதான். கண்டுபிடிக்க எனக்கு ஆனது முக்கால் மணி நேரம். ரெண்டு கடைக்காரர்கிட்டயும் மீட்டர் இருந்துச்சு, கல்லாப்பெட்டி பக்கத்துலயே. கையில எடுக்கல. காசு கொடுக்கிறேன்னு சொல்லியும் எடுக்கல.

இதுக்கப்புறமாவது உதவுவாங்கன்னு, ரிவிட்டை எடுத்துட்டுத் திருகு போடணும்னு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச ரிட்சி தெருவுல ஒரு கடையில கேட்டேன். "இருநூறு ரூபாய்க்கு எல்.ஈ.டி. டார்ச் வருது, தூக்கிப் போடுங்க மேடம்"னார். அந்த டார்ச்சும் வாங்கியிருக்கேன், ஒண்ணில்ல ரெண்டு. உள்ள 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. நாலஞ்சு மாசம் சார்ஜ் போடாம வெச்சா உப்புப் பூத்துச் செத்துடும், வெளிக்கூடு ஒட்டியே கிடக்கும், கழட்ட வழி கிடையாது. எங்க அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் எரியுற ஒரு சாமானைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த மழைக்காலம் பார்க்காத ஒண்ணை வாங்கணுமாம்.

கடைசியில பாரிமுனையில ஒரு ஹார்டுவேர் கடையில 3 மில்லிமீட்டர் பித்தளைத் திருகும் நட்டும் வாங்கினேன். பையன் சில்லறையில எடுத்துக் கொடுத்துட்டு, "விடுங்கக்கா"ன்னு காசுகூட வாங்கல. ரிவிட்டைத் துளை போட்டு எடுத்து, பட்டையையும் உடம்போட உள்பக்கத்தையும் அம்மா புளி போட்டுத் தேய்ச்சாங்க, நல்ல தண்ணியில அலசி ஒரு நாள் பூரா வெயில்ல காய வெச்சேன், திருகை இறுக்கினேன். மீட்டர் 0.02 காட்டிச்சு. ஸ்பிரிங்கையும் மாத்திட்டேன்.

நேத்து ராத்திரி மறுபடி கரண்ட் போச்சு. அம்மா மாடியிலேருந்து இறங்குறாங்க. டார்ச் கொஞ்சம்கூட ஆடல, அசையல, வெளிச்சம் நேரா படியில விழுது. அப்படி எரியுறப்பவே, பாதிப் படியில நின்னு, கம்பியை விட்டுட்டு, அதை உள்ளங்கையில தட்டுறாங்க.

"தட்டாதம்மா! கம்பியைப் பிடி!"ன்னு கீழேருந்து தெருவே கேக்குற மாதிரி கத்தினேன்.