அவை காட்டு மான்கள் அல்ல

ஸ்வீடனின் வில்டுமார்க்ஸ்வேகன் மலைச்சாலை பற்றி ஒருவர் எழுதியதில் மூன்று தவறுகள்: வழியில் திரிபவை காட்டு மான்களாம், உள்ளூர்க்காரர்கள் வேட்டையாடிச் சமைப்பார்களாம், அந்த வழியிலுள்ள ஃபாட்மோமக்கேயில் சாமி (Sámi) எனும் வடபகுதிப் பழங்குடி மக்கள் இன்றும் குடிசையில்தான் வாழ்கிறார்களாம்.

அந்தச் சாலை ஏறிப்போகும் ஸ்டெக்கென்யொக் மேட்டில் ரோட்டை மறித்து நிற்கும் துருவமான் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. கோடையில் கன்றுகளை வளைத்துப் பிடித்து, காது ஓரத்தில் கத்தியால் அவரவர் அடையாளத்தை வெட்டிவிடுவார்கள். அந்த மானைத் துப்பாக்கியால் சுட்டால் திருட்டு. கார் மோதினால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் வரும் சுவாஸ், வளர்ப்பு மானின் இறைச்சிதான்: உப்பிட்டு, புகைபோட்டு, மெல்லிசாகச் சீவி வாணலியில் வாட்டியது. (அப்புறம், காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுத் தந்தால் பதறாதீர்கள், அங்கே அது வழக்கம்.)

ஃபாட்மோமக்கே குடியிருப்பே அல்ல. தொலைவிலிருந்து தேவாலயத்துக்கு வரும் குடும்பங்கள் சில நாள் தங்கக் கட்டிய மரக்குடில்கள் அவை. நடுக்கோடை விழாவுக்கு இன்றும் கூடுகிறார்கள். ஸ்வீடனில் சாமி மக்களில் பெரும்பாலோர் மான் மேய்ப்பதுகூட இல்லை. மற்றவர்களைப் போல வேறு வேலைகளில் இருக்கிறார்கள்.

கைவினை வாங்குவதாக இருந்தால் மான்கொம்புக் கத்தியின் உறையைப் பாருங்கள். தெற்குச் சாமி வேலைப்பாட்டில் கோடும் கட்டமுமாகச் செதுக்கியிருக்கும். பூக்கொடி வடக்கத்திப் பாணி.