கடைசி வீட்டு ஆண்டெனா

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு ஃபைபர் லைனை வைஃபையில் பங்கு போட்டால், ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை வரும். "அந்த வீட்டுப் பையன்தான் எல்லாத்தையும் இழுக்கான்" என்பார்கள்.

பையனை விடுங்க, ரவுட்டரைப் பாருங்க.

லைன் வேகம் 100 எம்பிபிஎஸ் (Mbps) என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரில், டேட்டா வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம் (SQM) வசதியைப் போட்டு, அதில் வேகத்தைச் சமமாகப் பிரிக்கும் 'கேக்' (CAKE) முறையைத் தேர்ந்து, வேகத்தை 90 என்று கட்டுங்க. லைன் முழுசா நிரம்பும்போது கம்பெனிப் பெட்டியில் டேட்டா தேங்கும். வாட்ஸாப் கால் அறுந்து அறுந்து வருவது அதனால்தான். அந்தப் பத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை நம் கைக்கு வந்துவிடும். பன்னிரண்டு வீடும் ஒரே நேரம் இழுத்தால் வீட்டுக்கு 7.5. ரெண்டு வீடு மட்டும் என்றால் 45, 45.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று. கேக் பங்கு பிரிப்பது ஐபி முகவரிக் கணக்கில், அதாவது நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் கணக்கில். எட்டு போன் உள்ள வீடு நேராக இணைந்தால் எட்டுப் பங்கு வாங்கிவிடும். அதனால் வீட்டுக்கு ஒரு சின்ன ரவுட்டர், அதில் நாட் (NAT): வீட்டுப் போன் எல்லாம் வெளியே ஒரே முகவரியாகத் தெரியும் ஏற்பாடு. மெயின் ரவுட்டரும் இதே வேலையைச் செய்வதால், அதன் கேக் அமைப்பிலும் 'நாட்' என்று சேர்க்கணும். இல்லாவிட்டால் எல்லா வீடும் அதற்கு ஒரே முகவரியாகத் தெரியும்.

இத்தனை செய்தும் சரியாகாவிட்டால் கோளாறு காற்றில். கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் நட்டம் கடைமடைக்காரருக்கு மட்டும். வைஃபையில் எல்லோருக்கும் நட்டம். ஒரு சேனலில் ஒரு நேரம் ஒருவர்தான் பேச முடியும். 60 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த வீட்டுக்கு ஒரு விநாடியில் போகும் ஃபைல், 6-ல் தொங்கும் கடைசி வீட்டுக்குப் பத்து விநாடி எடுக்கும். அதுவரை மற்றவர்கள் காத்துக் கிடக்கணும். ஆகவே அந்த வீட்டுக்கு நல்ல ஆண்டெனாவும் கம்பமும் பொதுப்பணத்தில் போடுவதுதான் நியாயம். "உன் சிக்னல், உன் செலவு" என்பது கணக்குத் தெரியாத பேச்சு.

நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் கவனம். ஐப்பசி மழையில் நனைந்த ஓலை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் குடித்துவிடும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, பாதி வழியில், ரெண்டு ஆண்டெனாவையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி 2.2 மீட்டராவது காலியாக இருக்கணும். மரம் வளரும், அதையும் சேர்த்து உயரம் பாருங்க. ஆடிக் காற்றில் கம்பம் திரும்பாமல் மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்க. இடிக்கு எர்த் கட்டாயம்.

சிக்னலைத் தாங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறவரை யாரும் நினைப்பதில்லை. 10 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் ரெண்டு மாத பில்லில் 14.4 யூனிட். அதை அவர் சந்தாவில் கழியுங்க. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004-ல் தொடங்கிய, ஊர்மக்களே கட்டிய குய்ஃபி.நெட் (guifi.net) நெட்வொர்க்கில், செலவு செய்து கட்டியவருக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஈடு கட்டும் முறையே இருக்கிறது.

வீட்டு பிளானை ஊருக்குப் பிரிப்பதை கம்பெனி ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படியுங்க. இல்லையென்றால் 2020 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்த பிஎம்-வாணி (PM-WANI) என்ற மத்திய அரசின் பொது வைஃபைத் திட்டம் வழி இருக்கிறது; அதில் பிடிஓ (PDO), அதாவது வைஃபை தருகிறவர், ஆக உரிமம் வேண்டாம், அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் பதிவு செய்த பிடிஓஏ (PDOA) ஒன்றோடு சேர்ந்தால் போதும். ரவுட்டர் பாஸ்வேர்டு ரெண்டு வீட்டில் இருக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார்.