ஏமாந்தவரைத் திட்டும் நேரத்தில் 1930-க்கு அழையுங்கள்

இணைய மோசடியில் பணம் இழந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர், அந்த மோசடிக்காரனுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார். கடுமையான பேச்சாகத் தெரியலாம். ஆனால் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் அண்மையில் ஒரு செய்தி வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஓய்வு பெற்ற ஒருவர், போலீஸ் என்று சொல்லி வந்த வீடியோ அழைப்பை நம்பி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை அனுப்பிவிட்டார். அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்து உடம்பெல்லாம் எரிந்தது. "படித்தவர்தானே, புத்தி எங்கே போயிற்று?" "இவருக்கெல்லாம் எதற்கு ஸ்மார்ட்போன்?" "பேராசை பெருநஷ்டம்." அவர் பேராசைப்பட்டு எதையும் செய்யவில்லை, பயந்துபோய்ச் செய்தார். அதைக்கூட நின்று படிக்காமல் பழமொழியை எடுத்து வீசிவிட்டார்கள். இன்னொருவர் அவர் பெயரையும் தெருவையும் போட்டார். கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கிற வீடு அது.

நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் செய்கிறேன். ரேஷன் அட்டை, சாதிச் சான்று, சிட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று வருகிறவர்களோடு, பணம் போனவர்களும் வருகிறார்கள். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். வெளியே சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து, இரண்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாள்தான் திருடனுக்குத் தேவை.

இந்த "டிஜிட்டல் கைது" எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது என்று அழைப்பு வரும். அடுத்து வீடியோவில் சீருடை போட்ட ஒருவன், பின்னால் காவல் நிலையம் போன்ற ஓர் அறை. அவன் இடுகிற முதல் கட்டளையே, "வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது" என்பதுதான். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீஸ்காரரும் வீடியோ அழைப்பில் விசாரித்து, பணத்தை "சரிபார்ப்புக்காக" வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். ஆனாலும் ஆட்கள் சிக்குகிறார்கள். பக்கத்து அறையில் மனைவி இருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள், "என்னங்க உளறுகிறான், ஃபோனை வையுங்கள்" என்று சொல்லிவிடுவாள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சொல்ல விடாமல் தடுப்பதில் பாதி அந்தத் திருடனின் மிரட்டல். மீதிப் பாதி நாம் கொடுத்து வைத்திருக்கும் கூச்சம்.

தக்காளி விற்ற பணம் கணக்கில் ஏறியிருந்த நேரத்தில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. பத்திரிகை என்றால் படமாக இருக்க வேண்டும், அல்லது பிடிஎஃப் கோப்பாக இருக்க வேண்டும். இது ஏபிகே கோப்பு, அதாவது ஃபோனில் ஏறி உட்காரும் ஒரு செயலி. தொட்டதும் அனுமதி கேட்டிருக்கிறது, இவரும் கொடுத்திருக்கிறார். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி கிடைத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி அப்படியே திருடனுக்குப் போய்விடும். ஓடிபியை இவர் யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அனுப்பிய அந்தத் தெரிந்தவருக்கும் தன் எண்ணிலிருந்து அப்படி ஒன்று போனது தெரியாது. அவர் ஃபோனும் அதே வகையில் முன்பே மாட்டியிருந்தது.

பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "தம்பி, பையனுக்குத் தெரியாமல் இதை ஏதாவது செய்ய முடியுமா?" என்றார். பையன் பெங்களூரில் கட்டட வேலை. ஃபோன் அவன் வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்த அன்றே, "எதையாவது அமுக்கித் தொலைக்காதே" என்று சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, முதல் தொகை போன பிறகும் இவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் இரண்டாவது தொகையும் போயிருந்தது.

அந்த இரண்டாவது தொகையைப் பற்றி ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் எந்தத் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த திருட்டு என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் அவருக்கு இழப்பே இல்லை. எந்த வகையில் பார்த்தாலும், எப்போது சொன்னோம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் வாயைக் கட்டிப்போடும் கேலியைக் கண்டால் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணும் இதற்காகத்தான். புகார் பதிவானதும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், அதில் மீதி இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். நாலு கணக்குக்குப் பிரித்து, அங்கிருந்து எட்டுக்கு மாற்றி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பிடிக்க ஏதாவது இருக்கும். அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: வங்கிக் கணக்கு எண், தொகை, தேதி, நேரம், குறுஞ்செய்தியில் வந்திருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அழைத்தவனுடைய எண். ஏபிகே ஏறிய ஃபோன் என்றால் முதலில் அதன் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு ஃபோனிலிருந்து அழையுங்கள். வெட்கப்பட்டு எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று யாராவது கேட்டால், மேலே சொன்ன அந்த நாலு கணக்கில் ஒன்று உங்களுடையதாகப் போகிறது என்று அர்த்தம். கணக்கு முடங்கும், வழக்கில் பெயர் சேரும். தயவுசெய்து வேண்டாம்.

பணத்தை விட்டுவிடலாம், உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது பெண்பிள்ளைகள் விஷயம். ஒரு மாணவியின் சாதாரணப் புகைப்படத்தை எடுத்து, முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, "பணம் கொடு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிறான் ஒருவன். இதில் அவள் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. ஆனால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் அவள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்குவார்கள். பிறகு கல்லூரிக்குப் போக வேண்டாம் என்பார்கள். அடுத்து அத்தை வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இன்னமும் அதிகாரிகள் வீடு வீடாக ஓடிக்கொண்டிருக்கிற மாவட்டங்கள் இவை. மிரட்டினவன் வேறொரு பெண்ணின் படத்தைத் தேடிப் போய்விடுகிறான், இவள் படிப்பு நின்றுபோகிறது. ஆத்திரத்தில் அப்பா ஃபோனைத் தரையில் அடித்து உடைத்தால், அவனைப் பிடிக்க இருந்த ஒரே தடயமும் போகிறது.

பெண் அழுதுகொண்டு வந்து சொன்னால், முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள். பிறகு பேச்சை எடுங்கள். அவன் கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள்; ஒரு முறை கொடுத்தால் நிற்க மாட்டான். செய்திகளை, அவன் கணக்கின் பெயரை, எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் செய்யும் வசதி இருக்கிறது. ஸ்டாப் என்சிஐஐ என்ற இணையதளம் இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படம் அங்கே ஏறினால் அடையாளம் கண்டு நீக்க அது உதவும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

அப்படி ஒரு படம் உங்கள் குழுவுக்கு வந்தால், "இது யார் என்று தெரிகிறதா?" என்று கேட்டு இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறீர்களே, அதுவும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, பாலியல் காட்சிகளை வெளியிடுகிறவரோடு சேர்த்து அனுப்புகிறவரையும் பிடிக்கிறது. முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் பெயர், படம், பள்ளி எதையும் வெளியே சொல்லக் கூடாது என்கிறது போக்சோ சட்டம். "நியாயம் கேட்கிறோம்" என்று குழந்தையின் பள்ளிச் சீருடைப் படத்தைப் போடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஆபாசமே இல்லாத படமும் ஆளைக் கொல்லும். பஸ் நிலையத்தில் ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டு நிற்பதைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, "யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று ஊர்க் குழுவில் போடுகிறார்கள். அந்தக் கேள்வியில் கேட்கப்படுவது சாதி. ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து 2012 நவம்பரில் நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே இருந்துகொண்டு அப்படி ஒரு படத்தைப் போடுகிறவரை விளையாட்டுப் பிள்ளை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. குழு நிர்வாகி அதை உடனே நீக்க வேண்டும், போட்டவரை எல்லோர் முன்னிலும் கேட்க வேண்டும்.

வதந்தியும் அப்படித்தான். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றிய பொய்யால், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று, தொடர்பே இல்லாத காணொளிகளைப் போட்டுப் பரப்பினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. ஓசூர் தொழிற்பேட்டையில் அவர்களோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறவர்கள் நம் பிள்ளைகள். நம் ஆட்கள் பெங்களூரில் போய்ப் பிழைக்கிற மாதிரிதான் அவர்கள் இங்கே வந்து பிழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி இழிவாக ஒரு காணொளி வந்தால், அதை அனுப்பும் முன் கை கொஞ்சம் தயங்கட்டும்.

வெளியூரில் வேலை செய்கிறவர்களே, அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: "எவ்வளவு போனாலும் சரி, முதலில் எனக்குச் சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன்." அப்படிச் சொன்ன பிறகு உண்மையாகவே திட்டாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான் அது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஊருக்கு வரும்போது நீங்களே போட்டுக் கொடுங்கள். உட்கார்ந்து செய்தால் ஐந்து நிமிட வேலை.

பாலக்கோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு: சைபர் புகார் பதிவு செய்ய என் கடையில் காசு வாங்குவதில்லை. பாஸ்புத்தகம், ஆதார், எதையும் அழிக்காத ஃபோன், இவை போதும். கடையில் கூட்டம் இருந்தால் உள்ளே வந்து உட்காருங்கள். உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வெளியே போகாது. கடை திறக்கும் வரை மட்டும் காத்திருக்காதீர்கள். இரவு எத்தனை மணியானாலும் 1930-க்கு அழைத்துவிட்டு, காலையில் வாருங்கள்.